மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது

வாசகர் கேள்வி:

ஒரு நிறுவனத்தில் 36 பேர் கொண்ட பிரிவுக்கு எட்டு மாதங்களாக மேலாளராக இருக்கிறேன். அதற்கு முன் இதே பிரிவில் 11 வருடம் வேலை பார்த்தவன். திங்கள்தோறும் ஒன்றரை மணி நேரம் கூட்டம் வைத்து, அந்த வாரத்து வேலைகளை ஸ்லைடு போட்டு விளக்குகிறேன். ‘புரிந்ததா?’ என்றால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை பார்த்தால் வேறு ஏதோ நடந்திருக்கிறது.

போன மாதம் ஒரு பெரிய வாடிக்கையாளரின் வேலை தாமதமாகப் போவது, அவரே போன் செய்து சத்தம் போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. விசாரித்தால், என் டீமில் மூன்று பேருக்கு மூன்று வாரமாகவே அது தெரியும். ‘ஏன் ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை?’ என்று கூட்டத்தில் கேட்டேன். பதிலே இல்லை.

நான் யாரையும் கத்தித் திட்டியவன் இல்லை. எப்போது வேண்டுமானாலும் என் அறைக்கு வரலாம் என்று முதல் நாளே சொல்லியிருக்கிறேன். ஆனாலும், பெயர் போடாமல் நிரப்பும் வருடாந்தரக் கருத்துப் படிவத்தில் ஒருவர் ‘இவரிடம் பேசவே பயமாக இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறார். யார் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. டீமுக்கு 2 நாள் தகவல் தொடர்புப் பயிற்சி ஏற்பாடு செய்யச் சொல்கிறது நிர்வாகம். எனக்குத் தனியாக ஒரு கோச் வைத்துக்கொள்ளலாம் என்றும் ஹெச்.ஆரில் சொல்கிறார்கள். எந்த மாதிரிப் பயிற்சி நல்லது? கோச் உதவுவாரா? பொறுப்பே இல்லாத ஒரு டீமை எப்படிப் பேச வைப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்களை நினைத்துச் சங்கடமாக இருந்தது. இரண்டாம் முறை, அந்த மூன்று பேரை நினைத்து.

பயிற்சி பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு வேண்டாம், தள்ளிப்போடுங்கள். பயிற்சி வகுப்பு நடத்தித்தான் என் பிழைப்பே ஓடுகிறது, அதனால் இதை யோசிக்காமல் சொல்லவில்லை. உங்கள் டீமுக்குப் பேசத் தெரியாமல் இல்லை. தாமதமாகப் போகிறது என்பது மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்திருக்கும்? ஒருவர் கவனித்து இன்னொருவரிடம் சொல்லியிருப்பார், அவர் மூன்றாமவரிடம் போய்க் கேட்டிருப்பார். எத்தனை நாள் தள்ளும், மேலே யார் சொல்வது, சொன்னால் என்ன ஆகும் என்றெல்லாம் மூன்று வாரம் தங்களுக்குள் அலசியிருப்பார்கள். தகவல் நன்றாகவே பயணம் செய்திருக்கிறது. உங்கள் அறை வாசல் வரை வந்து நின்றுவிட்டது, அவ்வளவுதான். அந்த மூவரையும் ஒரு ஹாலில் உட்கார வைத்து, கண்ணைப் பார்த்துப் பேசுவது எப்படி என்று 2 நாள் வகுப்பெடுத்தால் சான்றிதழோடு திரும்பி வருவார்கள். அடுத்த தாமதத்தையும் நீங்கள் வாடிக்கையாளர் வாயால்தான் கேட்பீர்கள்.

கத்தித் திட்டியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் பயம் உண்டாக்கக் குரல் தேவையில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தலைவருக்குக் கோச்சாக இருந்தேன். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தாதவர். அவருடைய கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தேன். ஓர் இளைஞர், ‘இந்த மாத விற்பனை கொஞ்சம் குறையலாம் போலிருக்கிறது’ என்று ஆரம்பித்தார். தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். ‘எப்போதிலிருந்து தெரியும்?’ என்று மெதுவாகக் கேட்டார். அவ்வளவுதான் நடந்தது. அடுத்துப் பேச வேண்டிய நான்கு பேரும் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார்கள். பிறகு நால்வரும் ‘எல்லாம் சரியாகப் போகிறது’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் அவரிடம் இதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றியதே அவருக்கு நினைவில்லை. ‘விவரம் தெரிந்துகொள்ளத்தானே கேட்டேன்’ என்றார். உண்மைதான், அதற்காகத்தான் கேட்டார். ஆனால் கேட்டவர் அந்த இளைஞரின் சம்பள உயர்வைத் தீர்மானிப்பவர். கேள்வியோ, எந்தப் பதில் சொன்னாலும் மாட்டிக்கொள்கிற கேள்வி. நேற்றுத்தான் தெரியும் என்றால் ஏன் முன்பே கவனிக்கவில்லை என்று ஆகும். போன வாரமே தெரியும் என்றால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று ஆகும்.

36 பேர் முன்னால் நீங்கள் கேட்ட ‘ஏன் ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை?’ என்பதும் இதே ரகம். அதற்கு நேர்மையான பதில், ‘நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்களோ என்று பயந்தோம்’ என்பது. அதை எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்லும் தைரியம் ஒருவருக்கு இருந்திருந்தால், தாமதத்தையே மூன்று வாரம் முன்பு வந்து சொல்லியிருப்பார்.

கெட்ட செய்தியை எடுத்துப்போகத் தயங்குவது உங்கள் டீமின் தனிக்குணமும் இல்லை. சிட்னி ரோசன், ஆபிரகாம் டெஸ்ஸர் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 1970-இல் எழுதினார்கள். இன்னொருவருக்கு வந்திருக்கும் செய்தியை அவரிடம் சேர்க்க வேண்டும், வேலை அதுதான். நல்ல செய்தியாக இருந்தால் சோதனைக்கு வந்தவர்கள் தயங்காமல் முழுதாகச் சொன்னார்கள். கெட்ட செய்தி என்றால் மென்று விழுங்கினார்கள். அந்தச் செய்திக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சம்பந்தமே இல்லாதபோது இப்படி என்றால், தன் பெயரும் சேர்ந்து அடிபடப்போகிற ஒரு தாமதத்தை மேலாளரிடம் சொல்ல எத்தனை முறை ஒத்திகை பார்த்திருப்பார்கள் என்று யோசியுங்கள்.

இந்த விஷயத்தைப் பேசும்போதெல்லாம் எனக்கு விமானத்துறைதான் ஞாபகம் வரும். 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவின் விமான நிலையத்தில், மூடுபனியில், இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தார்கள். ஒன்று நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்துடையது, மற்றது அமெரிக்காவின் பான் அமெரிக்கன் நிறுவனத்துடையது. பறப்பதற்கு அனுமதி கிடைக்கும் முன்பே கே.எல்.எம். விமானம் ஓடத் தொடங்கியதுதான் உடனடிக் காரணம். அதன் கேப்டன் கே.எல்.எம். நிறுவனத்தின் மிக மூத்த விமானிகளில் ஒருவர், மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். அவர் முதல்முறை விமானத்தை நகர்த்த முனைந்தபோது துணை விமானி தடுத்தார், அனுமதி இன்னும் வரவில்லை என்றார். ‘அது எனக்குத் தெரியும், கேளுங்கள்’ என்றார் கேப்டன். கொஞ்ச நேரத்தில் ‘போகிறோம்’ என்று அவர் மறுபடி கிளப்பியபோது துணை விமானி தடுக்கவில்லை. விமானம் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் இருந்த விமானப் பொறியாளருக்குச் சந்தேகம் வந்தது. அந்தப் பான் அமெரிக்கன் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார் கேப்டன். பொறியாளர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

விமானி அறையில் யாரும் கத்தவில்லை, யாரையும் அவமானப்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘அது எனக்குத் தெரியும்’ என்ற சாதாரணப் பேச்சுத்தான். சந்தேகம் இருந்தவர்களுக்கு வாயும் இருந்தது, மொழியும் தெரியும். ரேடியோவில் பேச்சு ஒன்றன் மேல் ஒன்று விழுந்தது, சொற்கள் தெளிவில்லாமல் இருந்தன என்று வேறு காரணங்களும் விசாரணையில் வந்தன. ஆனால் அதன் பிறகு அந்தத் துறை விமானி அறைக்குள் யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதையே ஒரு பாடமாக எடுத்துக்கொண்டது. 1979-இல் நாசா இதற்காக ஒரு கருத்தரங்கு நடத்தியது. 1981-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் விமானிகளுக்கு முழுப் பயிற்சித் திட்டமாகவே கொண்டுவந்தது. கீழே இருப்பவர் எப்படிச் சொல்வது என்பது அதில் ஒரு பாதி. மேலே இருப்பவர் எப்படிக் கேட்டுக்கொள்வது என்பது மறுபாதி. உங்கள் நிர்வாகம் முதல் பாதிக்கு மட்டும் காசு கொடுக்கப் பார்க்கிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கெட்ட செய்தி காதில் விழுந்த முதல் பத்து விநாடி. அந்தப் பத்து விநாடியில் உங்கள் முகமும் வாயும் என்ன செய்கின்றன என்று உங்களுக்குத் தெரியாது, மற்ற 36 பேருக்கும் தெரியும். அதனால் அந்த நேரத்தில் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். ‘சொன்னது நல்லதாயிற்று. இப்போது நிலவரம் என்ன? என்னிடமிருந்து என்ன வேண்டும்?’ இந்த மூன்றும் போதும். ‘எப்போதிலிருந்து’, ‘யார்’, ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விகள் எல்லாம் நியாயமானவைதான். இரண்டு நாள் கழித்து, தீ அணைந்த பிறகு, கேளுங்கள். ஒரு துண்டுத் தாளில் எழுதி நோட்டுக்குள் வைத்துக்கொள்வது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். நான் இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

தவறு செய்தவரைத் தட்டிக்கொடுக்கச் சொல்கிறாயா என்று உங்களுக்குத் தோன்றும். இதைச் சொல்லும்போது பத்தில் ஒன்பது மேலாளர்கள் என்னிடம் அப்படித்தான் கேட்கிறார்கள். இல்லை. வேலையில் வந்த பிழைக்குக் கணக்குக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பிழைக்குக் கணக்குக் கேட்கும் பேச்சும், அதை வந்து சொன்னதற்கான வரவேற்பும் ஒரே மூச்சில் நடந்தால், ஆட்களின் மனதில் தங்குவது ஒன்றுதான்: சொன்னேன், அடி விழுந்தது. அடுத்த முறை பிழை குறையாது. சொல்வது மட்டும் குறையும்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பழக்கம் பலிக்கத் தொடங்கினால் உங்களுக்கு முதலில் கிடைக்கப்போவது நிம்மதி இல்லை. வாரத்துக்கு ஒரு பிரச்சினை வந்துகொண்டிருந்த இடத்தில் நான்கு வரும். டீம் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது அவருக்கே இந்தக் குழப்பம் வந்தது. நன்றாகச் செயல்படும் குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கில் அங்கேதான் தவறுகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்ததில், அந்தக் குழுக்களில் தவறை வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது, மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பது தெரியவந்தது. சொன்னால் தலை போகாது என்ற அந்த நம்பிக்கையை ‘உளவியல் பாதுகாப்பு’ என்ற பெயரில் ஆராய்ந்து 1999-இல் அவர் எழுதிய கட்டுரையைத்தான் இன்று என் தொழிலில் இருக்கிற எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். ஆகவே, உங்கள் மேலதிகாரியிடம் இப்போதே போய்ச் சொல்லி வையுங்கள்: ‘அடுத்த இரண்டு மூன்று மாதம் என் பிரிவிலிருந்து பிரச்சினைகள் அதிகமாக மேலே வரும். புதிதாக முளைத்தவை இல்லை, இதுவரை என் காதுக்கு எட்டாதவை.’ இதைச் சொல்லாமல் விட்டு, பாதி வழியில் நிர்வாகத்தின் நெருக்கடி தாங்காமல் பழைய மாதிரியே ஆகிப்போன மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து அந்த மூவர். அவர்களிடம் பேசியே ஆக வேண்டும், தனித்தனியாக. மூவரையும் சேர்த்துக் கூப்பிட்டால் அது விசாரணைக் கமிஷன். ‘பொறுப்பே இல்லாத டீம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், எப்படியும் முகத்தில் தெரிந்துவிடும். பொறுப்பில்லை என்பது நீங்கள் கொடுத்த தீர்ப்பு, நடந்த சம்பவம் வேறு. கிரியேட்டிவ் லீடர்ஷிப் சென்டர் என்ற அமெரிக்க அமைப்பு பரப்பிய ஒரு முறை உண்டு: எந்தச் சந்தர்ப்பம், அதில் என்ன நடந்தது, அதனால் என்ன விளைவு என்று மூன்றை மட்டும் சொல்வது. கேட்க எளிது, செய்து பார்த்தால்தான் தெரியும், நம் வாயில் எத்தனை அடைமொழி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று.

உங்கள் விஷயத்தில் அது ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘அந்த வேலை தள்ளிப்போகும் என்று உங்களுக்கு மூன்று வாரம் முன்பே தெரிந்திருக்கிறது. எனக்கு வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்தது. அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் முழித்தேன். உங்களைக் குற்றம் சொல்ல இதை எடுக்கவில்லை. என்னிடம் வந்து சொல்வதைக் கஷ்டமாக்கும்படி நான் ஏதோ செய்திருக்கிறேன். அது என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும்.’ இதற்கு மேல் பேசாதீர்கள். ‘அப்படியெல்லாம் ஒன்றுமில்லை சார்’ என்றுதான் முதலில் பதில் வரும். அதை நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். சும்மா இருங்கள்.

சும்மா இருப்பது ஒரு வித்தை. மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் வகுப்பறைகளில் நேரம் அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகள் பேசினார்கள். மூன்றே விநாடி. நீங்கள் ‘கேள்வி ஏதாவது உண்டா?’ என்று கேட்டுவிட்டு எத்தனை விநாடி விடுகிறீர்கள் என்று அடுத்த கூட்டத்தில் மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். நான் போய் உட்கார்ந்த கூட்டங்களில் பெரும்பாலும், கேள்வி முடியும்போதே அடுத்த ஸ்லைடு வந்துவிடும்.

அந்தத் திங்கள்கிழமைக் கூட்டத்துக்கே வருகிறேன். விளக்குகிறேன், தலையாட்டுகிறார்கள், வேறு ஏதோ நடக்கிறது என்கிறீர்கள். 1990-இல் எலிசபெத் நியூட்டன் என்ற ஆராய்ச்சி மாணவி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விளையாட்டு மாதிரி சோதனை நடத்தினார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதி பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவர் தலைக்குள் வாத்தியத்தோடும் வார்த்தையோடும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரே இருப்பவருக்குக் கேட்பது டக் டக் டக்.

அந்தப் பிரிவிலேயே 11 வருடம் இருந்தவர் நீங்கள். உங்கள் தலைக்குள் பாட்டு ரொம்பச் சத்தமாகவே ஓடுகிறது. ‘போன முறை மாதிரி செய்துவிடுங்கள்’ என்று நீங்கள் சொன்னால் அதற்குப் பின்னால் 11 வருடச் சரித்திரம் இருக்கிறது. போன வருடம் சேர்ந்தவர் அந்தச் சரித்திரத்துக்கு எங்கே போவார்?

‘புரிந்ததா?’ என்பது கேள்வியே இல்லை. அதற்கு இல்லை என்று சொல்ல வேண்டுமானால் ஒருவர் தன்னை முட்டாள் என்று எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டும். விமானக் கட்டுப்பாட்டில் கொடுத்த உத்தரவை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. அலுவலகத்தில் அப்படியே செய்தால் பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிடும், பெரியவர்களுக்குக் கோபம் வரும். பழியை உங்கள் மேல் போட்டுக்கொண்டு கேளுங்கள்: ‘வேகமாகச் சொல்லிக்கொண்டே போனேன், எதையாவது விட்டிருப்பேன். நீங்கள் இதில் முதலில் எதை எடுக்கப் போகிறீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.’ இரண்டு பேரைக் கேட்டாலே தெரிந்துவிடும், நீங்கள் சொன்னது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று. இந்தத் தந்திரம் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. அவர் தப்பாகத் திருப்பிச் சொன்னால் ‘அப்படியா சொன்னேன்?’ என்று புருவத்தைத் தூக்கக் கூடாது.

‘கேள்வி உண்டா?’ என்பதற்குப் பதிலாக, ‘இந்த வாரம் சொதப்பப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எதனால் சொதப்பியிருக்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள். கேரி க்ளைன் என்ற உளவியலாளர் சொன்ன வழி இது. ஒரு வேலை ஏற்கெனவே தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு, காரணங்களை ஒவ்வொருவரும் எழுத வேண்டும். அவநம்பிக்கையாகப் பேசுகிறான் என்ற பெயர் வாங்கப் பயந்து வாயை மூடிக்கொண்டிருப்பவருக்கு, இங்கே அவநம்பிக்கைதான் வேலையே. பேச்சு தானாக வரும். அந்த மூவருக்கும் இப்படி ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருந்தால் முதல் வாரமே ஒருவராவது எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

36 பேரை ஒன்றாக உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் பேசுவதையும் விட்டுவிடலாம். 36 பேருக்குள் இருவர் இருவராக எண்ணினால் 630 ஜோடி. அத்தனை பேச்சும் ஒரே அறையில் ஒரே வாய் வழியாக நடக்காது. பொதுவான விஷயங்களை ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் எல்லோரும் மௌனமாகப் படிக்கட்டும். அமேசானில் 2004-இல் ஸ்லைடுகளை நிறுத்திவிட்டு இப்படி எழுதிப் படிக்கும் முறைக்கு மாறினார்கள், பல வருடம் அப்படியே நடத்தினார்கள். மற்றதைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்துப் பேசிக்கொள்ளுங்கள். இதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை.

கோச் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். வைத்துக்கொள்ளலாம், டீமுக்கான பயிற்சியை விட அது உருப்படியான யோசனை. ஆனால் ஆளைப் பார்த்து எடுங்கள். இது கட்டுப்பாடுகள் அதிகம் இல்லாத தொழில். யார் வேண்டுமானாலும் கோச் என்று அட்டை அடித்துக்கொள்ளலாம். 1995-இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு சான்றிதழ் கொடுக்கிறது. அது இருப்பது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. முதல் சந்திப்பில் ஒன்று கேளுங்கள்: என் கூட்டத்தில் வந்து உட்காருவீர்களா? உங்கள் வாயால் நீங்கள் சொல்வதை மட்டும் கேட்டு ஆலோசனை சொல்கிறவருக்கு, கண்ணாடியைக் கழற்றுவது எப்படித் தெரியும்? அப்புறம், பணம் கொடுப்பது நிறுவனம், பேசப்போவது நீங்கள். நீங்கள் பேசுவதில் எது நிர்வாகத்துக்குப் போகும், எது போகாது என்பதை மூன்று தரப்பும் உட்கார்ந்து முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எந்த விஷயத்தில் வேலை செய்கிறோம் என்பது மட்டும் நிர்வாகத்துக்குத் தெரிந்தால் போதும், பேசிய பேச்சு உங்கள் இருவருக்குள் இருக்கட்டும். இதற்கு மழுப்புகிற கோச் வேண்டாம்.

‘பேச்சில் 7 சதவீதம்தான் சொற்கள், 38 சதவீதம் குரல், 55 சதவீதம் உடல்மொழி’ என்று ஆரம்பிக்கிறவர் வந்தாலும் கொஞ்சம் யோசியுங்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் அவை. ஒற்றைச் சொற்களைப் பல குரலிலும் முகபாவத்திலும் காட்டி, ஒருவர் நம்மை விரும்புகிறாரா வெறுக்கிறாரா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்று பார்த்த ஆய்வு. சொல் ஒன்று சொல்ல, முகம் வேறொன்று சொன்னால் முகத்தை நம்புகிறோம் என்ற அளவுக்கு அது சரி. உங்கள் திங்கள்கிழமை அறிவிப்பில் சொற்களுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு என்று அதற்கு அர்த்தம் கிடையாது. இதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு, இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானே அந்த எண்களைப் பலகையில் எழுதி வகுப்பெடுத்திருக்கிறேன். யாரும் எழுந்து கேட்கவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

கடைசியாக, அந்தப் படிவம். யார் எழுதியது என்று ஊகிக்க முடிகிறது என்கிறீர்கள். தயவுசெய்து ஊகத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டு அன்பாகப் பேசிப் பார்க்கலாமே என்றுகூட யோசிக்காதீர்கள். பெயர் போடாமல் எழுதியதற்கு அன்பான அழைப்பு வந்தாலும், கண்டுபிடித்துவிட்டார் என்பதுதான் பிரிவு முழுக்கப் பரவும். அடுத்த வருடப் படிவங்கள் எல்லாம் பாராட்டு மழையாக இருக்கும். அதற்குப் பதிலாக, அடுத்த கூட்டத்தில் அந்த வரியை நீங்களே படித்துக் காட்டுங்கள். ‘இப்படி ஒருவர் எழுதியிருக்கிறார். ஒருவர் எழுதியிருந்தால் இன்னும் சிலருக்கும் அப்படித் தோன்றியிருக்கும். போன மாதம் எல்லோர் முன்னாலும் நான் அந்தக் கேள்வியைக் கேட்டது தவறு’ என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுங்கள். கருத்துக் கேட்காதீர்கள், யார் முகத்தையும் தேடாதீர்கள். மூவரிடமும் தனியாகப் பேசுவதை இதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். வரிசை மாறினால், அந்தப் படிவத்தை எழுதியவரைத் தேடித்தான் அவர்களைக் கூப்பிட்டீர்கள் என்று ஆகிவிடும்.

பேசி முடித்ததும் மறுபடி எழுதுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை நினைவிலிருந்து எழுத வேண்டாம். அன்றைக்கே, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே, குறித்துவைத்து அனுப்புங்கள்.